பேரப்பிள்ளைகளுக்காகப் பேச நமக்கு உரிமை உண்டா?

இன்று நாம் பேசப்போகும் பொருள், பல வீடுகளில் அடுப்பங்கரையிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துபோகும் பொருள். "மகன் வீட்டில் பிள்ளைகள் சரியாக இல்லை, நாம் என்ன செய்ய முடியும்?" என்று ஒரு பாட்டி கேட்கிறார். "வாயை மூடிக்கொண்டிரு, அது அவர்கள் குடும்பம்" என்கிறார் தாத்தா. பேச்சு அதோடு நின்றுவிடுகிறது; ஆனால் அன்று இரவு இருவருக்கும் தூக்கம் வருவதில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு நம் குடும்பங்களும் பல இடங்களில் பிரிந்துவிட்டன. பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் போனார்கள். சிலர் சிங்கப்பூருக்கும் போனார்கள். தாத்தாவும் பாட்டியும் லயத்து வீட்டிலோ, சிறு தாமான் வீட்டிலோ இருக்கிறார்கள். முன்பு பேரப்பிள்ளை அழுதால் அடுத்த வாசலில் கேட்கும். இப்போது தொலைபேசியில் கேட்டால்தான் உண்டு. பள்ளிக்கூடத்தில் பணியாற்றும் நாங்கள் இந்த மாற்றத்தை வகுப்பறையிலேயே பார்க்கிறோம். பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் கையொப்பமிடுவது பாட்டியாக இருக்கும். "நீங்கள்தான் சட்டப்படியான காப்பாளரா?" என்று கேட்டால், அவரிடம் பதிலும் இருக்காது, பத்திரமும் இருக்காது.

ஆகவே, பேரப்பிள்ளைகள் இருக்கும் நிலையைக் கண்டு கவலைப்படும் தாத்தா பாட்டிக்கு நம் மலேசியச் சட்டம் என்னென்ன வழிகளை வைத்திருக்கிறது என்பதை இன்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தாத்தா பாட்டி என்ற உறவினாலேயே பிள்ளையை வைத்து வளர்க்கும் உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை. அந்த உரிமை முதலில் தாய்க்கும் தகப்பனுக்கும் உரியது. 1961ஆம் ஆண்டின் சிறார் காப்பாளர் சட்டம் இதைச் சொல்கிறது. முன்பு அச்சட்டத்தில் தகப்பனுக்கே முதலிடம் இருந்தது. 1999இல் திருத்தம் செய்யப்பட்டுத் தாய்க்கும் தகப்பனுக்குச் சமமான உரிமை கிடைத்தது. எனவே, "என் மகன் பிள்ளை, எனக்குத்தான் சொந்தம்" என்ற பேச்சும், "மருமகளுக்கு என்ன உரிமை?" என்ற பேச்சும் நீதிமன்றத்தில் எடுபடா.

அப்படியானால் நமக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. பெற்றோரின் உரிமைக்கு மேலாகச் சட்டம் இன்னொன்றை வைத்திருக்கிறது. அதுதான் பிள்ளையின் நலம். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கு வரும்போது, நீதிபதி முதன்மையாகப் பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான். தாத்தா பாட்டிக்குத் திறந்திருக்கும் கதவும் அதுவே. அந்தக் கதவின் வழியாக நாம் போகும்போது நமது மனக்குறையைச் சுமந்துகொண்டு போகக் கூடாது. பிள்ளையின் நலனைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

ஆதலால், எந்த அலுவலகத்தின் படி ஏறுவதற்கு முன்பும், நமது கவலை எத்தகையது என்பதை நாமே பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பழக்கவழக்க வேறுபாடு. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில்லை, நேரத்துக்குச் சோறு ஊட்டாமல் ரொட்டி கொடுக்கிறார்கள், கோயிலுக்கு அழைத்துப் போவதில்லை, கைபேசியைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார்கள் என்பவை இதில் சேரும். இவை நமக்கு வருத்தம் தரலாம். ஆனால் இவற்றுக்காகச் சட்டம் பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்காது. பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியவை இவை.

இரண்டாம் வகை, வறுமையும் நெருக்கடியும். ஒரே அறையில் 6 பேர் படுக்கிறார்கள், வாடகை பாக்கி, தகப்பனுக்கு வேலையில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை இல்லை. இங்கே குற்றம் பெற்றோருடையது அல்ல. இந்தக் குடும்பத்துக்குத் தேவை உதவி. சமூக நல இலாகாவில் வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாதாந்திர உதவித் திட்டம் உண்டு. பேரப்பிள்ளைகளை வைத்துக் காக்கும் தாத்தா பாட்டியும் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இது குறித்து விசாரிக்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள். பேரப்பிள்ளை பசியோடு பள்ளிக்கு வருவதைவிடவா பெரிய கௌரவக் குறைச்சல் இருக்கிறது?

மூன்றாம் வகை, ஆபத்து. பிள்ளையின் உடம்பில் காயமும் தழும்பும் தெரிகின்றன. குடித்துவிட்டு வரும் ஒருவர் பிள்ளையை அடிக்கிறார். சின்னஞ்சிறு பிள்ளைகளை வீட்டில் பூட்டிவிட்டு இரவு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நோய் கண்ட பிள்ளையை மருத்துவரிடம் காட்டுவதில்லை. வீட்டுக்கு வந்துபோகும் ஆளைக் கண்டாலே பெண்பிள்ளை நடுங்குகிறாள். பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார்கள். இவையெல்லாம் "அவர்கள் குடும்பம்" என்று விட்டுவிடக்கூடிய விஷயங்கள் அல்ல. இங்கே காத்திருப்பது தவறு.

எது எந்த வகை என்று தெளியாதபோது ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். என்ன தேதியில் எதைப் பார்த்தோம், பிள்ளை தானாகவே என்ன சொன்னது, அப்போது உடன் இருந்தவர் யார் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் படிக்கும் பிள்ளை ஒருவரைக் கொண்டு எழுதி வைக்கலாம். கேள்விப்பட்டதையும் கண்ணால் கண்டதையும் கலக்காமல் தனித்தனியாக எழுத வேண்டும். பிள்ளை பள்ளிக்கு வந்த நாளும் வராத நாளும் பள்ளி வருகைப் பதிவில் இருக்கும். கிளினிக் அட்டையில் எடையும் ஊசி போட்ட விவரமும் இருக்கும். பின்னாளில் நீதிமன்றம் நம்பிப் பார்ப்பது இத்தகைய பதிவுகளைத்தான். கோபத்தில் சொல்லும் வார்த்தைகளை அது பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

நேயர்களே, முதல் இரண்டு வகைக் கவலைகளுக்கும் முதல் மருந்து பேச்சுதான். அதிலும் பேசும் முறை முக்கியம். "உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா?" என்று தொடங்கினால் கதவு சாத்தப்படும். "தம்பி, நீயும் மருமகளும் ஷிப்ட் வேலையில் அலைகிறீர்கள். பையன் இளைத்துப் போயிருக்கிறான். பள்ளி விடுமுறை முடியும்வரை எங்களோடு இருக்கட்டுமே" என்று தொடங்கினால் பாதிச் சுமை இறங்கியதாக அவர்களும் நினைப்பார்கள். நாம் பேசினால் சண்டை வரும் என்றால், இருவரும் மதிக்கும் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசலாம். சமூக நல இலாகாவில் குடும்ப ஆலோசனையும் கிடைக்கும்.

இனி, ஆபத்தான நிலைக்கு வருவோம்.

நம் நாட்டில் சிறுவர்களைக் காப்பதற்கென்றே 2001ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் இருக்கிறது. அது 2002 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது; 2016இல் மேலும் வலுவாகத் திருத்தப்பட்டது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரும் இச்சட்டத்தில் சிறுவர்களே. அடிக்கப்பட்ட பிள்ளை, பாலியல் கொடுமைக்கு உள்ளான பிள்ளை, மனத்தளவில் வதைக்கப்பட்ட பிள்ளை, கவனிப்பாரற்றுக் கைவிடப்பட்ட பிள்ளை ஆகியோரை 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை' என்று இச்சட்டம் குறிப்பிடுகிறது. பிள்ளையைத் துன்புறுத்துவோருக்கும் காயம் உண்டாகும்படி கவனியாமல் விடுவோருக்கும் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தக்க துணையின்றிச் சிறு பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போவதும் இச்சட்டப்படி குற்றமே.

இதில் தாத்தா பாட்டி கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. பிள்ளை வாழும் அதே வீட்டில் வாழும் குடும்பத்தினர், அந்தப் பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தால், உடனே சமூக நல அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இது அவர்கள் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியம் அன்று. சட்டம் விதித்த கடமை. தனி வீட்டில் வாழும் தாத்தா பாட்டியும் தாராளமாகத் தெரிவிக்கலாம். பாலியல் கொடுமை என்றால் இன்னும் கண்டிப்பு. 2017இல் வந்த சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டப்படி, அத்தகைய குற்றம் நடப்பதை அறிந்தும் போலீசாருக்குத் தகவல் தராமல் இருப்பதே குற்றமாகும். "வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்று மூடி வைப்பவர், பிள்ளையைக் கெடுத்தவனுக்குக் காவல் நிற்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

எப்படித் தெரிவிப்பது? 15999 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் 'தாலியான் காசே' தொலைபேசிச் சேவை. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999ஐ அழையுங்கள். அல்லது அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்யுங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவரைச் சட்டம் பாதுகாக்கிறது.

புகார் செய்த பிறகு என்ன நடக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. "பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய் ஆசிரமத்தில் போட்டுவிடுவார்கள், அப்புறம் கண்ணிலேயே காட்டமாட்டார்கள்" என்று சொல்வார்கள். நடப்பது இதுதான். சமூக நல அதிகாரியோ போலீசாரோ வந்து பார்ப்பார்கள். பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேவை என்று தெரிந்தால் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வார்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைச் சிறுவர் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும். அந்த நீதிமன்றம் ஊர் கூடி வேடிக்கை பார்க்கும் இடமன்று; வழக்கோடு தொடர்புடையவர்கள் மட்டுமே உள்ளே இருப்பார்கள். பிள்ளையின் பெயரையும் படத்தையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது.

நீதிமன்றம் பிள்ளையின் நலனை முதன்மையாக வைத்து முடிவு செய்யும். பெற்றோரிடம் உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையைத் திருப்பி அனுப்பலாம். சமூக நல அதிகாரியின் மேற்பார்வையில் வைக்கலாம். இல்லத்துக்கு அனுப்பலாம். இவற்றோடு, 'தகுதியும் பொருத்தமும் உள்ள ஒருவரிடம்' பிள்ளையை ஒப்படைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தாத்தா பாட்டி வரக்கூடிய இடம் இதுதான்! "பிள்ளையை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்" என்று சமூக நல அதிகாரியிடம் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாய் திறவாமல் ஒதுங்கி நின்றால், இப்படி ஒரு பாட்டி இருப்பது அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அவர் உங்கள் வீட்டை வந்து பார்ப்பார். மாளிகையை அவர் எதிர்பார்ப்பதில்லை. பிள்ளை படுக்க இடம் இருக்கிறதா, பள்ளிக்குப் போக வசதி இருக்கிறதா, சமைத்துப் போட ஆள் உண்டா, வீட்டில் குடிகாரர் எவரேனும் இருக்கிறாரா, உங்கள் உடல்நிலை தாங்குமா என்பவற்றையே பார்ப்பார்.

வீட்டில் ஒருவர் அடித்து உதைக்கும் நிலை என்றால் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் கைகொடுக்கும். 2018 முதல், சமூக நல அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்க முடியும். பிள்ளைக்காக உறவினரும் முறையிடலாம். இதனால் தாயும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருக்க, அடித்தவரை விலக்கி வைக்க வழி பிறக்கிறது. பல வீடுகளில் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது தேவையே இல்லை. அடிப்பவரிடமிருந்து இருவரையும் பிரிப்பதே தேவை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆத்திரத்தில் சிலர் பள்ளிக்கூட வாசலிலேயே பேரப்பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். இதைச் செய்யாதீர்கள். நம் குற்றவியல் சட்டப்படி, 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்பிள்ளையையோ 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளையையோ சட்டப்படியான காப்பாளரின் சம்மதம் இல்லாமல் கொண்டுபோவது, கடத்தல் குற்றமாகக் கருதப்படலாம். அதற்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. பாசத்தால் செய்த காரியம் பிற்பாடு வழக்கில் நமக்கே எதிராக நிற்கும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் அதிகாரிகளை அழையுங்கள். அவர்கள் வந்து எடுத்தால் அது சட்டப்படி நடந்த காரியம்.

அடுத்து, நீண்ட காலப் பராமரிப்பு உரிமையைப் பற்றிப் பார்ப்போம்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் இருக்கிறது. அது 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன் 88ஆம் பிரிவு, பிள்ளையைத் தாயிடமோ தகப்பனிடமோ ஒப்படைக்கலாம் என்கிறது. 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற எண்ணத்தோடு நீதிமன்றம் தொடங்கும். ஆனால் அதற்கு மாறான சான்று இருந்தால் அந்த எண்ணம் மாறும். தாய் தகப்பன் இருவரிடமும் ஒப்படைப்பது தகாது என்னும்படியான விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால், வேறொரு உறவினரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்த உறவினர் தாத்தாவாகவோ பாட்டியாகவோ இருக்கலாம். விண்ணப்பம் போக வேண்டிய இடம் உயர் நீதிமன்றம்.

'விதிவிலக்கான சூழ்நிலை' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் வீடு பெரியது, நமக்கு வசதி அதிகம் என்பது போதாது. பெற்றோர் ஏன் தகுதியற்றவர் என்பதைச் சான்றோடு காட்ட வேண்டும். சொந்த மகனையோ மகளையோ எதிர்த்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது எளிதன்று. அந்தக் கசப்பைத் தாங்க மனம் துணிந்த பிறகே இந்த வழியில் இறங்க வேண்டும்.

பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாவிட்டாலும், பார்க்கும் உரிமை வேறு. மகன் இறந்துபோகிறான், மருமகள் மறுமணம் செய்துகொண்டு பேரப்பிள்ளைகளைக் காட்டவே மறுக்கிறாள். அல்லது மணவிலக்குக்குப் பிறகு பிள்ளைகள் மருமகளிடம் இருக்கிறார்கள். இத்தகைய நிலைக்கு 89ஆம் பிரிவு வழி செய்கிறது. பராமரிப்பு ஆணை வழங்கும்போது, இறந்துபோன அல்லது பராமரிப்பு உரிமை பெறாத பெற்றோரின் குடும்பத்தினரும் பிள்ளையைச் சந்திக்கலாம் என்று நீதிமன்றம் நிபந்தனை சேர்க்க முடியும். மாதம் ஒருமுறை, பள்ளி விடுமுறையில் சில நாள், தீபாவளிக்கு ஒரு நாள் என்று வகுத்துக் கேட்கலாம். பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றும் நீதிமன்றம் தடுக்கலாம். நிலைமை மாறினால் ஆணையை மாற்றக் கோரவும் இடமுண்டு.

பெற்றோரில் ஒருவர் இறந்தால், உயிரோடிருக்கும் மற்றவரே காப்பாளர். இருவரும் இல்லையென்றால் தாத்தா பாட்டி உயர் நீதிமன்றத்தில் தங்களைக் காப்பாளராக நியமிக்கக் கோர வேண்டும். பலர் இதைச் செய்யாமல் பிள்ளையை வளர்த்துக்கொண்டே போகிறார்கள். வங்கியிலோ அலுவலகத்திலோ பணம் எடுக்கப் போகும்போதுதான் இடிக்கிறது. இறந்த தகப்பனோ தாயோ பெர்க்கெசோவில் சந்தா கட்டியவராக இருந்தால், பிள்ளைக்கு வாரிசு ஓய்வூதியம் கிடைக்கிறதா என்று அவசியம் விசாரியுங்கள். தகுதியுள்ள பிள்ளைக்கு 21 வயது வரை அது கிடைக்கக்கூடும். சேமநிதிப் பணம் யார் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

பெற்றோர் உயிரோடிருந்து, அவர்களே பிள்ளையை நம்மிடம் விட்டுப்போன வீடுகளே அதிகம். அங்கே சண்டை இல்லை. ஆனால் பத்திரமும் இல்லை. நள்ளிரவில் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பம் கேட்டால் பாட்டி திகைத்து நிற்கிறார். ஆகவே, பெற்றோர் ஊருக்குப் போகும் முன்பே, பிள்ளையின் படிப்பையும் மருத்துவத்தையும் கவனிக்கும் பொறுப்பை உங்களுக்குக் கொடுப்பதாக உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். அது நீதிமன்ற ஆணைக்கு ஈடாகாது. ஆனால் வெறுங்கையோடு நிற்பதைவிட மேல். பிறப்புப் பத்திரத்தையும் 'மைகிட்' அட்டையையும் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு 12 வயதானதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க மறவாதீர்கள். இன்னொன்று: பிள்ளை நம்மிடம் வளர்ந்தாலும், அதன் செலவுக்குக் கொடுக்கும் கடமை பெற்றோரைவிட்டு நீங்குவதில்லை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

தத்தெடுப்பது பற்றியும் சிலர் கேட்கிறார்கள். இரண்டு வழி உண்டு. 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றத்தின் மூலம் செய்வது ஒன்று. 2 ஆண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து சொந்தப் பிள்ளையாக வளர்த்த பிறகு, தேசியப் பதிவு இலாகாவில் தத்தெடுப்பைப் பதிவு செய்வது மற்றொன்று. இரண்டாவது முறையில் சொத்துரிமை தானாக வராது. இரண்டுமே பெற்றோரின் உரிமையை எடுத்துவிடக்கூடிய பெரிய காரியங்கள். சில ஆண்டுப் பராமரிப்புக்கு இது தேவையில்லை; பெற்றோர் திரும்பி வரவே வழியில்லை என்ற நிலையில் யோசிக்க வேண்டியது.

கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதிவு செய்யாத தம்பதிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1982க்குப் பிறகு பதிவு கட்டாயம். பதிவு இல்லையென்றால் பிள்ளையின் மீது தகப்பனுக்கும் தகப்பன் வழித் தாத்தா பாட்டிக்கும் உள்ள நிலை பலவீனமாகிவிடும். தாயின் உரிமையே முன்னிற்கும். சட்ட உதவி கேட்கப் போகும்போது இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முஸ்லிம் நேயர்களுக்கு ஷரியா நீதிமன்றமே உரிய இடம். கூட்டரசுப் பிரதேசத்துக்கான 1984ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தில், சிறு பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்கு அடுத்தபடியாகத் தாயின் தாய்க்கு வருகிறது. அதாவது அம்மம்மாவுக்குத் தகப்பனைவிட முன் வரிசையில் இடம் இருக்கிறது. மற்ற மாநிலத்தவர் தத்தம் மாநிலச் சட்டத்தைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது என்று கேட்பீர்கள். சட்ட உதவி இலாகா இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி, வருமானம் குறைந்தவர்களுக்குக் குடும்ப வழக்குகளில் அது உதவுகிறது. வழக்கறிஞர் மன்றமும் சட்ட உதவி மையங்களை நடத்துகிறது. போகும்போது உங்கள் அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பெற்றோரின் திருமணப் பத்திரம், மணவிலக்கு ஆணையோ மரணப் பத்திரமோ இருந்தால் அது, போலீஸ் புகாரின் நகல், வருமானச் சான்று, மேலே சொன்ன நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மலாய் மொழி சரளமாக வராவிட்டால், படித்த இளைஞர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். புரியாத தாளில் கையொப்பமிடாதீர்கள்.

முடிக்கும் முன், ஆசிரியர்களாகிய நாங்கள் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கருத்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கேட்கும். அதற்காகப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்காதீர்கள். "அம்மா வேண்டாம், பாட்டிதான் வேண்டும் என்று சொல்லு" என்று பழக்கிய பிள்ளை, அதை மனப்பாடச் செய்யுள் போல ஒப்புவிக்கும். கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய கேடு வேறு. பெற்ற தாயைப் பற்றியும் தகப்பனைப் பற்றியும் கேவலமாகக் கேட்டு வளரும் பிள்ளை, தன்னில் பாதியும் கேவலம் என்று நினைக்கத் தொடங்குகிறது. வகுப்பில் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் சிலரிடம் இந்தக் காயத்தை நாங்கள் பார்க்கிறோம். மகன் குடிகாரனாக இருக்கலாம். ஆனால் பேரனுக்கு அவன்தான் அப்பா. அவன் திருந்தி வரும் நாளுக்கும் வீட்டில் ஓர் இடம் இருக்கட்டும்.

ஆகவே நேயர்களே, பழக்கவழக்க வேறுபாட்டைப் பேசித் தீர்ப்போம். வறுமைக்கு உதவி கேட்போம். ஆபத்து என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் 15999ஐ அழைப்போம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், சட்டத்தின் வழியே போய்க் கேட்போம். நம்மிடம் வளரும் பிள்ளைக்கு உரிய பத்திரங்களை இன்றே தேடி எடுத்து வைப்போம்.

வாழ்நாளெல்லாம் பால்மரத்தோடும் செம்பனையோடும் போராடி இளைத்த உடம்பு நம்முடையது. முதுமையில் ஓய்ந்து உட்கார வேண்டிய நேரத்தில் இன்னொரு தலைமுறையைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு சிலருக்கு வந்துவிடுகிறது. அந்தச் சுமையைச் சுமக்கும் தாத்தா பாட்டியர் தனியாக இல்லை. பள்ளிக்கூடக் கதவு திறந்திருக்கிறது. வந்து எங்களிடம் பேசுங்கள். எந்த அலுவலகத்துக்கு எதை எடுத்துக்கொண்டு போவது என்று சேர்ந்தே யோசிப்போம்.